சக்கரத்தைக் காட்டிய படம்

வெயில் எரிக்கும் ஜூலை மாதத்தில் நான் இரண்டு சோடி கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறேன். லண்டனில், எட்மண்டன் பஸ்ஸில் அரைக் காற்சட்டையோடு இருப்பவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். உறைந்த மீன் பெட்டிகள் அடுக்கும் குளிர்க் களஞ்சியத்துக்குக் கோடையும் மாரியும் ஒன்றுதான் என்று அவர்களுக்கு யார் சொல்வது? பதினெட்டு வருடமாக அங்கேதான் வேலை. கால்விரல்கள் வெடித்து, இரண்டு நகங்கள் விழுந்துவிட்டன. கூச்சத்தில் வீட்டிலும் காலுறையைக் கழற்றுவதில்லை.

சென்ற ஞாயிறு மத்தியானம் சாப்பிடும்போது மகள் போனை நீட்டினாள். செவ்வாய்க் கிரகத்தில் ஓடும் ஊர்தி ஒன்று, வருடக்கணக்காக மலையேறி, இதுவரை போகாத புதிய நிலமொன்றை அடைந்துவிட்டதாம். சிவந்த மண்ணும் பாறையும் பார்க்க நன்றாகத்தான் இருந்தன. அடுத்த படத்தில் ஒரு சக்கரம். தகடு கிழிந்து, ஓட்டை ஓட்டையாக இருந்தது. அங்கே போய் இதை யார் எடுத்தது என்று கேட்டேன்.

“அது தானே தன்ரை வீல்ஸைப் படமெடுத்து அனுப்புது, அப்பா. அப்பத்தான் ஏர்த்திலை இருக்கிறவைக்கு எந்தப் பக்கம் ஓட்டக்கூடாதெண்டு விளங்கும்” என்றாள்.

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் தம்பி தலை நிமிரவில்லை. நான் அந்தச் சக்கரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

நான் வந்த முதல் வருடம் ஊருக்கு அனுப்பிய படம் வேறு மாதிரியானது. இங்கே இருக்கும் எங்களில் பலரிடம் அப்படியொரு படம் இருக்கும், ஊரில் இதை வாசிக்கிறவர்கள் கோபிக்கக்கூடாது. வால்தம்ஸ்டோ தெருவொன்றில் நின்ற வெள்ளிநிறக் காரில் சாய்ந்துகொண்டு, அறை நண்பனைக் கொண்டு எடுப்பித்தேன். கோட்டும் அவனுடையது. கார்க்காரர் வெளியே வந்துவிட்டார். பயத்தில் ‘சொறி, சொறி’ என்று மன்னிப்புக் கேட்டேன். நான் வாங்க வந்தவன் என்று நினைத்து, கார் விற்பதற்கில்லை என்று அவர் தன்மையாகச் சொன்னார். தலையை ஆட்டிவிட்டு நடந்தேன்.

அந்தப் படத்தை அம்மா சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினார். அதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த தம்பி, கணித வாத்தியார் வேலையை விட்டுவிட்டு வரட்டுமா என்று கேட்டான். வா என்றேன். வேறென்ன சொல்வது, படத்தில் கார் எனக்குப் பின்னால் நின்றதே! இப்போது எனக்கு அடுத்த வரிசையில் பெட்டி அடுக்குகிறான். ஆறு வருடத்தில் ஒரு சொல் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். செவ்வாயில் ஓடும் அந்த இயந்திரத்துக்கு வெட்கமில்லை, அதனால் அதை அனுப்பியவர்கள் பாதையை மாற்றிக்கொள்கிறார்கள். என் வீட்டாருக்கு நான் அந்த வாய்ப்பைக் கொடுக்கவேயில்லை.

இப்போது அக்காவின் மகன் இங்கே வர ஆயத்தமாக நிற்கிறான். ஊர் ஆஸ்பத்திரியில் தாதி வேலை, நல்ல பெயர். மாமாமாரின் படமொன்றைப் பார்த்துவிட்டு வேலையை விடுவதா என்று முடிவெடுப்பதாக அன்று காலைதான் அம்மாவின் போனிலிருந்து சொல்லியிருந்தான். சாப்பிட்டு முடிந்ததும் தம்பி அதற்கென்றே வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரிக்கொண்டு வாசலில் நின்றான். நான் போனைத் தூக்கினேன். பிறகு இறக்கினேன்.

“சப்பாத்தைக் கழட்டு. கால் தெரியட்டும்” என்றேன்.

அவனுக்கு விளங்கிவிட்டது.

“அப்ப என்னை ஏன் வரச் சொன்னனீங்களெண்டு அம்மா கேப்பா, அண்ணை.”

அவன் குரலில் கோபமில்லை. இத்தனை வருடமும் அவன் வாய் திறக்காமல் காப்பாற்றியது என்னைத்தான் என்று அப்போதுதான் உறைத்தது. வெட்கத்தில் முகம் சுட்டது. கேட்கட்டும் என்றேன்.

அவன் கழற்றினான். வெள்ளைச் சட்டைக்குக் கீழே வெடித்து வீங்கிய விரல்கள். முழுவதும் விழும்படி எடுத்து, மனம் மாறுமுன் அம்மாவின் போனுக்கு அனுப்பினேன். இரண்டு பேரும் மீன் பெட்டிதான் அடுக்குகிறோம், அந்தக் கார் என்னுடையதல்ல என்றும் கீழே எழுதினேன்.

ஒரு மணித்தியாலம் கழித்து மருமகனுக்குப் பதிலாக அம்மாவின் குரல்பதிவு வந்தது. காரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“சின்னவன்ரை காலைப் பாத்தன். உன்ரை காலையும் ஒருக்கா எடுத்து அனுப்பு, ராசா.”

கட்டிலில் உட்கார்ந்து ஒரு காலுறையைக் கழற்றினேன். மற்றதில் கையை வைத்தபடி அப்படியே இருந்தேன்.