மரம் வரலாம், இரும்பு வரக்கூடாது

எங்கள் வீட்டில் ஒரு குளிர்காலம் முழுவதும் பாதித் துவக்கு ஒன்று இருந்தது. மரப் பாதி. இரும்புப் பாதி டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகரில் ஒரு விளையாட்டு மண்டபத்தின் நிலக்கீழ் அறையில், துவக்குச் சுடும் கிளப்பின் அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. இரண்டையும் ஒரே கூரையின் கீழே சேரவிடுவதில்லை என்று என் கணவர் முடிவு செய்திருந்தார். அவர் பிடிவாதக்காரர் இல்லை. கறியில் உப்பே போடாவிட்டாலும் வாய் திறக்காமல் சாப்பிட்டுவிட்டு எழும்புகிற மனிதர். இதில் மட்டும் ஒற்றைக்காலில் நின்றார்.

நான் அந்தக் கிளப்புக்குக் கேக் சாப்பிடத்தான் போனேன். நான் வேலை செய்வது யன்னல் தொழிற்சாலையில். என்னோடு ஒரே வரிசையில் நின்று சட்டம் பூட்டும் டெனிஷ்காரி ஒருத்தி, என்னைவிட ஒரு தலை உயரம், ஒரு மாலை வந்து பார் என்று கூட்டிக்கொண்டு போனாள். சுடுவதெல்லாம் அரை மணித்தியாலம், மிச்ச நேரம் கோப்பியும் கேக்கும்தான் என்று ஆசை காட்டினாள். டென்மார்க்கில் எந்தக் கிளப்பில் சேர்ந்தாலும் கடைசியில் ஒரு கேக்கின் முன்னால்தான் போய் நிற்போம் என்பது எனக்கும் தெரியும்.

படி இறங்கினால் நீளமான ஓர் அறை. இந்தப் பக்கம் பாய்கள். அந்தப் பக்கம், விளக்கு வெளிச்சத்தில், வெள்ளைக் கடதாசிகள். நடுவில் மங்கலான இருட்டு. கிழவர்கள், இளம் பெண்கள், தபால் போடுகிறவர், பல் வைத்தியர், எல்லாரும் வயிறு நிலத்தில் பட நித்திரைக்குப் போகிற பிள்ளைகள் மாதிரிப் படுத்திருந்தார்கள். ஒருவரும் கதைக்கவில்லை. சின்னச் சின்ன வெடிகள் ஆறுதலாக ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டன. எனக்கும் ஒரு துவக்கைத் தந்து படுக்கச் சொன்னார்கள்.

துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாட்டைவிட்டு வந்தவளுக்குத் துவக்கில் என்ன ஆசை என்று கோயிலில் ஒருத்தி பின்னர் என்னிடம் நேராகவே கேட்டாள். நியாயமான கேள்விதான். வெடிக்கு முந்தின நேரம்தான் எனக்குப் பிடித்தது. மூச்சை விட்டு முடித்து, அடுத்த மூச்சை இழுக்காமல் கிடக்கும் அந்தக் கொஞ்ச நேரம். குறி பார்க்கும் துளைக்குள் கறுப்பு வட்டம் மெல்ல மிதக்கும். மிதந்து மிதந்து நிற்கும். அங்கே எனக்கு வயது இல்லை, நாளைக்குச் சமைக்க வேண்டியது இல்லை, டெனிஷில் பிழைவிட்டுவிடுவேனோ என்ற கவலை இல்லை. நித்திரைக்கு ஒரு படி மேலே, விழிப்புக்கு ஒரு படி கீழே நிற்கிற மாதிரி இருக்கும். சந்தோஷம் என்றே சொல்லிவிடுகிறேன்.

வெடிக்குப் பிறகுதான் கரைச்சல். சுட்ட கணமே என் தலை, துவக்கில் கன்னம் வைக்கிற மரத்தைவிட்டு விலகி நிலத்தில் பதுங்கிவிடும். எனக்கு அது தெரியவே இல்லை. பக்கத்துப் பாயில் கிடந்த என் வேலைத்தோழிதான் கண்டுபிடித்தாள். சுட்ட பிறகும் கன்னம் மரத்திலேயே இருக்கவேண்டும், குண்டு போய்ச் சேர்ந்த பின்னும் ஒரு மூச்சுக்கு அசையாமல் கிடக்கவேண்டும், நீ என்னடாவென்றால் போய்விடுகிறாய் என்றாள். எங்கே போகிறாய் என்றும் கேட்டாள்.

எங்கே போகிறேன் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் ஊரில், மேலே ஹெலிகொப்டர் சுடத் தொடங்கினால் அம்மா முதலில் செய்வது என் பிடரியில் கை வைத்து முகத்தை நிலத்தோடு அமத்துவதுதான். மூக்கு நோகும், மண் வாய்க்குள் போகும். அம்மா போய்ப் பல வருடமாகிவிட்டது. என் கழுத்துக்கு அது இன்னும் தெரியாது.

எனக்குப் புள்ளியும் வேண்டாம், கிண்ணமும் வேண்டாம். வெடி கேட்ட பிறகும் நான் அங்கேயே இருக்கவேண்டும். ஒரு தரமாவது. அந்த ஒன்றுக்காகத்தான் நான் விடாமல் படி இறங்கிக்கொண்டிருந்தேன்.

கிளப் துவக்குகள் எல்லாம் நெடிய மனிதர்களின் அளவுக்குச் செய்தவை. நான் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்க்கவேண்டும், கன்னம் காற்றில் தொங்கும். ஒருநாள் கோப்பி மேசையில், வேறு ஊரிலிருந்து வந்த ஒருவர் எனக்கு யோசனை சொன்னார். அடுத்த குண்டைத் தானாகவே ஏற்றிக்கொள்ளும் துவக்கு ஒன்றைத் தன் அளவுக்கு வீட்டிலேயே பூட்டிக்கொள்ளலாமாம், வெளிநாட்டில் தன் கூட்டாளி ஒருவர் அனுமதியெல்லாம் எடுத்து அப்படிச் செய்து வைத்திருக்கிறாராம். வெடிக்கு வெடி கையால் இழுத்து ஏற்றும் வேலை இல்லை, ஆகவே கன்னத்தை எடுக்கவே தேவையில்லை என்றார். சொல்லிவிட்டுப் போனில் அது சுடும் சத்தத்தையும் போட்டுக் காட்டினார். நான் எழும்பிக் கழிப்பறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். சத்தம் சத்தத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் துவக்கு எனக்கு வேண்டாம். ஒன்றுக்கும் மற்றதுக்கும் நடுவில் எனக்கு இடம் வேண்டும்.

ஆனால் தன் அளவுக்கு என்று அவர் சொன்ன சொல் மனதில் தங்கிவிட்டது. நான் நாள் முழுவதும் மரத்தோடு மாரடிக்கிறவள். ஒருவரும் தொடாமல் கிடந்த பழைய துவக்கு ஒன்றின் மரத்தைக் கழற்றிவிட்டு, அந்த இரும்புக்கு என் உடம்பின் அளவில் புது மரம் செய்யட்டுமா என்று கிளப்பில் கேட்டேன். சரி என்றார்கள். வீட்டில் கேட்டேன்.

என் கணவர் பஸ் ஓட்டுகிறார். பயணிகள் எல்லாருக்கும் அவரைப் பிடிக்கும். ஆனால் வருடப் பிறப்புக்கு ஊரெல்லாம் வாணவேடிக்கை விடும்போது குளியலறையில் அவருக்கு ஏதாவது திருத்த வேலை வந்துவிடும். நானும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. நான் கேட்டதும் தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"மரம் வரலாம்," என்றார். "இரும்பு இந்த வீட்டுக்குள்ளை வரக்கூடாது."

அப்படியென்றால் தோசைக்கல்லையும் தூக்கி வெளியே வைக்கட்டுமா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

உடுப்புத் தோய்க்கும் மெஷின் நிற்கிற பின்னறைதான் என் பட்டறை ஆனது. மரத்தை வேலைத்தோழி தந்தாள். அவளுடைய தகப்பனின் தோட்டத்தில் புயலுக்கு விழுந்த வால்நட் மரம், பலகையாகி வைக்கோல் கொட்டிலில் வருடக்கணக்காகக் காய்ந்தது. கிளப்பில் இரும்பை அளந்துகொண்டு வந்து, அதே அளவில் தொழிற்சாலைக் கழிவுத் துண்டுகளால் ஒரு போலி செய்தேன். குழலுக்குப் பதிலாக, வீடு கூட்டுகிற தும்புத்தடியின் பிடி. அந்தப் போலியை உள்ளே வைத்து வைத்துப் பார்த்து, உளியால் கொஞ்சம், அரத்தால் கொஞ்சம் என்று மரத்தைக் குறைத்தேன்.

அந்தக் குளிர்காலத்தை நினைத்தால் எனக்கு ஒரு பழுப்பு நிறம்தான் ஞாபகம் வருகிறது. யன்னலுக்கு வெளியே மேற்குக் காற்று, சாம்பல் நிறத்தில் ஒரு பகல், அது பகலாக இருக்கும்போதே இருட்டிக்கொண்டு வரும். உள்ளே மெஷின் ஒரே தாளத்தில் சுற்றும். அரத்துக்குக் கீழே மரம் தூளாகி, நான் மூச்சு விட்டால் எழும்பி, திரும்ப என் கைமேலேயே வந்து படியும். நான் என்ன செய்கிறேன் என்பதே மறந்துபோகும். துவக்கு என்பது எங்கோ தூரத்தில் போய்விடும், கையில் இருப்பது வளைவுள்ள, சூடுள்ள ஒரு மரம் மட்டும். அங்கே காயப்போட்ட கணவருடைய பஸ் சேர்ட்டுகளில் எல்லாம் அந்தத் தூள் படிந்தது. அவர் ஒவ்வொன்றாக எடுத்து, கதவைத் திறந்து, காற்றில் உதறிவிட்டுப் போட்டுக்கொண்டு போவார். ஒரு சொல் சொல்லமாட்டார். எனக்கு அது ஏச்சைவிடக் கூடச் சுட்டது.

கன்னம் படும் இடத்தை மட்டும் என்னால் தனியாகச் செய்ய முடியவில்லை. படுத்து, கண்ணை மூடி, கன்னத்தை அது விரும்பும் இடத்தில் விழவிடவேண்டும். விழுந்த இடத்தை வேறொருவர் பென்சிலால் குறிக்கவேண்டும். வேலைத்தோழியைக் கூப்பிடலாம்தான். ஆனால் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கணவரிடம் பென்சிலை நீட்டினேன். இது மரம்தானே என்றேன்.

வரவேற்பறைக் கம்பளத்தில் குப்புறப் படுத்தேன். மரத்தை அணைத்து, கண்ணை மூடி, கன்னத்தை வைத்தேன். அவர் பக்கத்தில் முழங்காலில் இருப்பது மூச்சில் தெரிந்தது. பென்சில் என் காதுக்குக் கீழே தொடங்கித் தாடை வழியாக மெதுவாக ஊர்ந்தது. ஹீட்டர் இளஞ்சூடாக இருந்தது. மரத்தில் பழைய வைக்கோலின் மணம். எங்கேயோ ஒரு நாய் குரைத்தது, அது இங்கே குரைக்கிறதா, வேறெங்காவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

கண் திறந்தபோது அறை இருண்டிருந்தது. என்மேல் போர்வை கிடந்தது. அவர் கதிரையில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மரத்தில் என் கன்னத்தைச் சுற்றி ஒரே இழுவையில் அழகான கோடு ஒன்று. கண்ணாடியில் பார்த்தால் என் முகத்திலும் அதன் மிச்சம் இருந்தது. அன்றைக்கு அதை நான் கழுவவில்லை.

கோட்டுக்குள் மரத்தைக் கிண்ணம் மாதிரி மெல்லக் குழித்தேன். பிறகு கிளப்புக்குக் கொண்டுபோய் இரும்பை வைத்தால், இரும்பு அச்சாகப் பொருந்தியது, நான்தான் பொருந்தவில்லை. வீட்டில் மெல்லிய சட்டையோடு அளவெடுத்திருந்தேன். கிளப்பில் சுடும்போது போடுவது தடித்த தோல் மேற்சட்டை. அந்தத் தடிப்பு என் நினைவிலேயே இல்லை. தோளில் படும் முனை நீளமாகிவிட்டது. மரத்தைத் தூக்கிக்கொண்டு அழுதபடி வீட்டுக்கு வந்தேன். மரம் அறுக்கிற வாளை எடுத்து முனையை வெட்ட எனக்குக் கை வரவில்லை, அவ்வளவு நாள் உழைப்பும் பிளந்துபோனால் என்ன செய்வது? அவர் சப்பாத்தைக் கழற்றாமலே பின்னறைக்குள் வந்தார். எவ்வளவு என்று கேட்டார். நான் விரலால் காட்டினேன். மரத்தை மெஷின்மேல் வைத்து, ஒரு கையால் அமத்திப் பிடித்துக்கொண்டு, சிலும்பு எழாமல் அறுத்துத் தந்தார். அறுந்து விழுந்த துண்டைத் தன் சேர்ட் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஆளிவிதை எண்ணெய் பூசி, காயவிட்டு, திரும்பவும் பூசி, அரத்தாளால் தேய்த்து முடித்தேன். கிளப்புக்குப் போகவேண்டிய சனிக்கிழமை தெரு எல்லாம் கண்ணாடியாக உறைந்திருந்தது. வழுக்கி விழுந்திடுவீர் என்று சொல்லி அவரே காரில் ஏற்றிக்கொண்டு போனார். மண்டபத்தின் வாசலில் விட்டுவிட்டுத் திரும்புவார் என்று நினைத்தேன். காரைப் பூட்டிவிட்டு எனக்குப் பின்னால் வந்தார். படி இறங்கினார்.

வேலைத்தோழி அவருக்குக் காதுமூடி ஒன்றைத் தந்து, சுவரோரம் கதிரையில் இருத்தினாள். நான் மரத்தையும் இரும்பையும் பூட்டினேன். அவர் முகத்தைத் திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. இன்றைக்கு நான் பதுங்கினால், அதையும் அவர் பார்ப்பார். பதுங்காவிட்டாலும் அந்தச் சத்தம் அவருக்குள் போகத்தான் போகும். என்ன வேலை பார்த்தாய் மனுசி என்று என்னை நானே ஏசிக்கொண்டு படுத்தேன்.

கன்னத்தை வைத்தேன். அது தன் இடத்துக்குப் போனது. வட்டம் மிதந்தது. ஒரு கப்பல் துறைக்கு வருகிற மாதிரி, அவசரமே இல்லாமல் வந்து நின்றது. மூச்சு போய் முடிந்தது. விரல் எப்போது விசையை இழுத்தது என்று எனக்குத் தெரியாது.

வெடி கேட்டது. பிடரியில் அம்மாவின் அந்தக் கை வந்தது. வந்து அமத்தியது. ஆனால் கன்னத்துக்குக் கீழே மரம் இருந்தது, அது இறங்க விடவில்லை. நான் அங்கேயே கிடந்தேன். விளக்கு வெளிச்சத்தில் கடதாசி லேசாக ஆடுவதைப் பார்த்தேன். வெடிக்குப் பிந்தின நேரத்தை நான் என் வாழ்க்கையில் அன்றுதான் கண்ணால் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. அமைதியாக இருந்தது.

துவக்கைத் திறந்து, வெறுமையாக்கி, பாயில் வைத்துவிட்டுத் திரும்பினேன். கதிரை காலியாக இருந்தது. அவர் சுவரோரம் சீமெந்துத் தரையில் குந்தி, முழங்காலுக்குள் குனிந்து, ஒரு கையால் தன் பிடரியைப் பொத்திக்கொண்டிருந்தார். தோழி அவரை நோக்கி அடி எடுத்து வைத்தாள், நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். போய் அவருக்குப் பக்கத்தில் தரையில் இருந்தேன். மன்னித்துக்கொள்ளுங்கோ, வீட்டுக்குப் போவம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அவர் நிமிரவில்லை. ஆனால் கண் திறந்துதான் இருந்தது, அது என் பாயின் பக்கமே இருந்தது. காதில் மூடி இருந்ததால் சத்தமாகக் கதைத்தார், எல்லாப் பாயிலும் கிடந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீர் தலையை எடுக்கேல்லை," என்றார். "நான் பாத்துக்கொண்டுதான் இருந்தனான். கன்னம் நான் கீறின கோட்டுக்குள்ளையே இருந்தது."

நான் அவருடைய பிடரியில், அவர் கைக்கு மேலே, என் கையை வைத்தேன். அமத்தவில்லை, சும்மா வைத்தேன். பிறகு அவர், தரையைவிட்டு எழும்பாமலே, இன்னொரு தரம் சுடச் சொன்னார். நான் போய்ப் படுத்துக் கன்னத்தை வைத்தேன்.