கயாக்குக்கு நாலு எலுமிச்சம்பழம்

அன்று சனிக்கிழமை மீன் பிடிக்க வந்திருந்தவர்கள் மூன்று பேர். ஒற்றை ஆள் துடுப்புப் படகான புதுக் கயாக்கின் சொந்தக்காரன், பூச்சோங் ஊர் நண்பன், கிள்ளானில் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருக்கும், நாங்கள் எல்லோரும் வாத்தியார் என்றே கூப்பிடும் இன்னொரு நண்பன், பிறகு நான். வராதவன் ஒருவன்தான். எங்கள் கூட்டத்தில் கடலைப் பற்றித் தெரிந்தவனும் அவன் ஒருவன்தான். அவன் மகளுக்கு முடியிறக்க அன்றைக்குக் குடும்பத்தோடு பத்துமலை முருகன் கோயிலுக்குப் போய்விட்டான்.

போகும்முன் கடமை தவறாமல் குழுவில் ஒரு செய்தி போட்டிருந்தான். "எட்டரைக்கு தண்ணி நெறைஞ்சிருக்கும். அப்புறம் வத்த ஆரம்பிச்சிடும். ஒன்பதுக்குள்ள இறங்கிடுங்க." அதற்குக் கீழே பூச்சோங் நண்பன் கட்டைவிரல் படம் போட்டான். வாத்தியார் மீன் படம் போட்டார். நான் 'நன்றி' என்று முழுச் சொல்லாகவே எழுதினேன். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அந்த மரியாதையை எங்கேயும் விட்டுக்கொடுப்பதில்லை.

எனக்கு அன்றைக்கு மீன் கட்டாயம் வேண்டும். பொழுதுபோக்குக்கு இல்லை. முந்தைய வாரம் பிரிக்பீல்ட்ஸில் நான் கட்டிக்கொள்ள நினைக்கும் பெண்ணின் அப்பா முன்னால் உட்கார்ந்திருந்தேன். யாழ்ப்பாணத்து வழிக் குடும்பம், அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அப்பா என்ன வேலை என்று கேட்டார். லோரி ஓட்டுகிறார் என்றேன். "ம்" என்றார். என்ன படித்தேன் என்று கேட்டார். நாலு வருடம், இரண்டு கடன், ஒரு தங்கப்பதக்கம், எல்லாவற்றையும் சொன்னேன். அதற்கும் அதே "ம்". கடைசியாக, ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள் என்றார். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, "கடல்ல மீன் பிடிப்பேன் அங்கிள்" என்றேன். அப்போதுதான் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். "அப்பிடியோ? அப்ப ஒரு சியாக்காப் கொண்டு வாங்கோவன், ஞாயிற்றுக்கிழமை சாப்பிடுவம்." சியாக்காப் என்றால் கொடுவா மீன். அதுவரை நான் அதைத் தட்டில் மட்டுமே சந்தித்திருந்தேன்.

கிள்ளானைத் தாண்டி, சதுப்பு மரங்களுக்கு நடுவே கடலுக்குப் போகும் ஓர் ஓடையின் சிமெண்டுச் சரிவில் நாங்கள் இறங்கியபோது ஒன்பது ஆக ஐந்து நிமிடம் இருந்தது. தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. வாத்தியாரும் நானும் வாடகைக்கு எடுத்த இரட்டைக் கயாக்கைத் தூக்கினோம். பூச்சோங் நண்பன் காரிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையைத் தூக்கினான். அவன் அம்மா கொடுத்தனுப்பியது. தேங்காய், சூடம், குங்குமம், ஒரு சீப்பு வாழைப்பழம், நாலு எலுமிச்சம்பழம்.

"புது வண்டி லா. பூஜை போடாம எப்படி இறக்குறது?"

"சரி, சீக்கிரம் போடு."

"இப்ப முடியாது. ஒன்பதுலேருந்து பத்தரை வரைக்கும் ராகு காலம்."

அம்மாவின் குரல்பதிவைப் போட்டுக் காட்டினான். ராகு காலத்தில் தண்ணீரைத் தொட்டால் என்னென்ன நடக்கும் என்று அந்த அம்மா விவரமாகச் சொல்லியிருந்தார். பெண்டாட்டி வராதது அதில் மூன்றாவது. நான் அப்போது, "தண்ணி வத்திடும்டா" என்று ஒரு தடவை சொன்னேன். ஒரே ஒரு தடவை.

வாத்தியாரைப் பார்த்தோம். அவர் பகுத்தறிவாளர். கல்யாணத்தில் ஐயர் வேண்டாம் என்று வீட்டோடு சண்டை போட்டு, கடைசியில் இரண்டு ஐயர் வைத்து முடித்தவர்.

"எனக்கு இதுல நம்பிக்கை இல்ல," என்றார். "ஆனா எதுக்கு வம்பு?"

ஆகவே படித்த மூன்று ஆண்பிள்ளைகள் சரிவில் உட்கார்ந்து நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றைத் தின்றுகொண்டே கடல் திரும்பிப் போவதைப் பார்த்தோம். கடலுக்கு ராகு காலம் தெரியாது போலிருக்கிறது. நல்ல வேகமாகவே போயிற்று.

பத்தரைக்குப் பூஜை தொடங்கியது. காருக்குப் போடுவதுதான் எங்களுக்குத் தெரிந்த பூஜை.

"நாலு சக்கரத்துக்கு நாலு எலுமிச்சம்பழம்," என்றான் பூச்சோங்காரன்.

"இதுக்கு சக்கரம் எங்கடா இருக்கு?"

"அப்ப நாலு மூலைக்கும் வை."

"ரெண்டு பக்கமும் கூரா இருக்கு. மூலை எங்க இருக்கு?"

"வாத்தியாரே, படிச்சவரு நீங்க சொல்லுங்க."

வாத்தியார் யோசித்து, முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று தீர்ப்பளித்தார். தேங்காய் உடைந்தது. சூடம் மூன்று தடவை கடற்காற்றில் அணைந்தது. கயாக்கைத் தள்ளினோம். எலுமிச்சம்பழம் நசுங்கவில்லை, உருண்டது. அதன்மேல் கயாக்கும் உருண்டு, சொந்தக்காரன் ஏறுவதற்கு முன்பே தனியாகப் புறப்பட்டுப் போனது. அதைத் துரத்திப் பிடித்ததில் என் காலணி ஒன்று சேற்றுக்குள் போய், இன்றுவரை அங்கேயே இருக்கிறது.

வற்றும் தண்ணீர் எங்களைச் சர்ரென்று ஓடையின் வாய்க்கு இழுத்துப் போனது. அதை நாங்கள் எங்கள் தோள்பலம் என்று நினைத்துக்கொண்டோம். "ஜிம்முக்குப் போனது வீணாகல பாத்தியா," என்று பூச்சோங்காரன் முன்னாலிருந்து கத்தினான். துடுப்பு அவன் மடியில் இருந்தது.

இரண்டு கயாக்கையும் ஒட்டி நிறுத்தித் தூண்டில் போட்டோம். உயிர் இறால்களை மீன்கள் நாகரிகமாகக் கழற்றித் தின்றுவிட்டு வெறும் கொக்கியைத் திருப்பி அனுப்பின. வாத்தியாருக்கு மட்டும் ஒரு கெளுத்தி மாட்டியது. அதன் முள்ளைப் பார்த்ததும் அவர் கழற்றச் சொல்லி என்னிடம் நீட்டினார். நான் பூச்சோங்காரனிடம் நீட்டினேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு தூண்டில் நரம்பையே வெட்டிவிட்டான். அன்றைய வேட்டை அவ்வளவுதான்.

கயாக் அசையவில்லை என்று வாத்தியார்தான் முதலில் சொன்னார். நிமிர்ந்து பார்த்தால் எங்களைச் சுற்றிக் கடல் இல்லை. பளபளவென்று சேறு, அதில் கண் துருத்திய சேற்றுமீன்கள் துள்ளித் துள்ளி வந்து எங்களை விசாரித்தன. பூச்சோங்காரன் ஒரு காலை வெளியே வைத்தான். தொடைவரை போனது. வாத்தியாரும் நானும் சேர்ந்து பிடுங்கினோம்.

பத்துமலைக்குப் போனவனைப் போனில் அழைத்தோம்.

"டேய், எத்தன மணிக்கு இறங்குனீங்க?"

"பத்தரைக்கு."

"ஒன்பதுக்குள்ளன்னு சொன்னேன்ல?"

"ராகு காலம்டா."

அந்தப் பக்கம் அழும் மகளை யாரிடமோ கொடுத்தான். பிறகு, "யாரும் கீழ இறங்காதீங்க. அப்படியே ஒக்காந்திருங்க. சாயங்காலம் தண்ணி திரும்பி வரும்."

"அதுவரைக்கும் என்ன செய்யறது?"

"முருகனைக் கூப்பிடுங்க. நான் அவர் வாசல்லதான் நிக்கிறேன், சொல்லி வைக்கிறேன்."

இருந்தோம். தலைக்குமேல் வெயில், கீழே சேறு. தூரத்தில் சிமெண்டுச் சரிவில் குரங்குகள் வந்து, உடைத்த தேங்காயையும் வாழைப்பழத்தையும் பகிர்ந்து சாப்பிட்டன. பூஜையின் பலன் உடனே கிடைத்தது அவற்றுக்கு மட்டும்தான். நான் ஞாயிற்றுக்கிழமையை நினைத்தேன். ஒரு பொய்யனைப் பார்த்து அந்த மனிதர் எப்படி "ம்" சொல்வார் என்று பல விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.

சாயங்காலம் தண்ணீர் திரும்பி வந்து, எங்களை ஒன்றும் கேட்காமல் தூக்கிக் கரையில் விட்டது.

"நாளைக்குக் காலையில பாசார்ல வாங்கிட்டுப் போடா," என்றார் வாத்தியார். "மீன் வாயத் திறந்து எங்கேருந்து வந்தேன்னு சொல்லவா போகுது?"

மறுநாள் கிள்ளான் சந்தையில் நல்ல சியாக்காப் ஒன்றைக் கண்டேன். வெள்ளி மாதிரி இருந்தது. மீன்காரர் எடை போட்டு, "கறிக்கா, பொரிக்கவா?" என்றார். சின்ன வயதிலிருந்து அம்மாவோடு பாசாருக்குப் போய்ப் பழகிய வாய். "கறிக்கு பாஸ்," என்றது.

பிரிக்பீல்ட்ஸ் வீட்டு மேசைமேல் அவர் பையைத் திறந்தபோதுதான் எனக்கே உறைத்தது. செதில் உரித்து, ஒரே கனத்தில் பன்னிரண்டு துண்டு. தலை இரண்டாகப் பிளந்து தனியாக.

அவர் ஒரு துண்டைத் தூக்கிப் பார்த்தார். "தம்பி, இப்ப கடலுக்குள்ளயே வெட்டிக் குடுக்கினமோ?"

அடுப்படியில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். யார் என்று எனக்குத் தெரியும். இனிமேல் எதையும் காப்பாற்ற முடியாது என்று தெரிந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எலுமிச்சம்பழம், குரங்கு, சேறு, காலணி வரைக்கும். அவர் சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"தண்ணி வத்தும் எண்டு உங்களுக்குத் தெரியும்?"

"தெரியும் அங்கிள்."

"சொன்னனீங்களோ?"

"ஒரு தடவை சொன்னேன்."

"ஒரு அம்மா வேண்டாம் எண்டு சொன்னா எண்டதுக்காக, பிறகு வாய் திறக்கேல்ல?"

"திறக்கல அங்கிள்."

அவர் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே இருந்த மனைவியோடும் மகளோடும் முப்பது வருடம் வாழ்ந்த களைப்பு அந்தப் பார்வையில் இருந்தது. "அப்ப சரி," என்றார். "குடும்பம் நடத்தக்கூடிய ஆள்தான். இருங்கோ, சாப்பிடுவம்."

தங்கப்பதக்கத்துக்குக் கிடைக்காதது வாயை மூடிக்கொண்டிருந்ததற்குக் கிடைத்தது. படிக்க வைத்த அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

செலவுக் கணக்கு இது: கயாக் வாடகை, தாமதமாகத் திருப்பிக் கொடுத்ததற்கு அபராதம், உயிர் இறால், காருக்குள் அப்பிய சேற்றைக் கழுவியது, ஒன்று சேற்றுக்குள் போனதால் பயனில்லாமல் போன என் காலணி ஜோடி, பன்னிரண்டு துண்டு சியாக்காப். எலுமிச்சம்பழம் நாலும் பூச்சோங்காரனின் அம்மா கொடுத்தது, கணக்கில் வராது. மொத்தம் நானூற்றுத் தொண்ணூற்று ஏழு ரிங்கிட்.