சிங்கி முட்டையின் கொழுப்பு

மாசி மாதத்து இரண்டாவது திங்கட்கிழமை, விருத்தாசலத்தில் கடலூர் பஸ் ஏறினாள் வாசுகி. பீங்கான் பட்டறையில் பதினோரு வருடம் களிமண் கழுவியவள். கிண்ணம் வாங்க அங்கே வந்த தமிழ்ச்செல்வன்தான், தன் கடலோர ஆய்வுக்கூடத்தில் அடுப்பும் தராசும் பார்த்துக்கொள்ள அவளை வேலைக்குக் கூப்பிட்டார்.

வேலை குமட்டியது. சிங்கி என்னும் பெரிய கடல் இறால் தன் முட்டைகளை வயிற்றடியில் ஒட்டவைத்துச் சுமக்கும். அதைக் கவிழ்த்துப் பிடித்து முட்டைகளை வழிக்க வேண்டும். எல்லாம் வழித்த பிறகும், இல்லாத முட்டைக்கு வயிற்றடித் துடுப்புகளை விசிறிக்கொண்டே கிடக்கும் தாய். அந்த வாடை கையில் ஏறிவிட்டால் மதியச் சோறு இறங்காது.

முட்டைக்குள் இருக்கும் கொழுப்புதான் குஞ்சுக்குக் கட்டுச்சோறு. வெளியே வருவதற்குள் அதில் எவ்வளவு தீர்கிறது என்பதே ஆராய்ச்சி. இளமுட்டை, கண் தெரியும் முட்டை, பொரிக்கப் போகும் முட்டை என்று பிரித்து, காயவைத்து, எரித்து, மிச்சக் கொழுப்பைக் காட்டும் சூட்டை அளந்தார்கள்.

“உப்பு போக நல்ல தண்ணியில ஒரு முக்கு முக்கி எடும்மா” என்றிருந்தார் அவர். ஒரு முக்கெல்லாம் ஒரு கழுவலா என்றிருந்தது வாசுகிக்கு. உப்பு நின்ற மண் சுட்டதும் வெள்ளை பூத்துவிடும்; பட்டறையில் நாள்பூராவும் ஊறப்போடுவார்கள். முட்டையையும் அப்படியே நீல வாளியில் ஊறப்போட்டாள்.

பொரிக்கப் போகும் முட்டையில் இளமுட்டையின் கால்வாசிச் சூடுகூட இல்லை. “வெளிய வர இவ்ளோ செலவா!” என்று துள்ளினார் தமிழ்ச்செல்வன்.

ஆனி மாதத்தில் வாளி உடைந்தது. அந்த சீசனின் கடைசி முட்டைகளை வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் ஊறப்போட்ட அன்றுதான் தண்ணீரில் எண்ணெய் மிதப்பதைப் பார்த்தாள். தோல் மெலிந்த கடைசிக்கட்ட முட்டைகள் நல்ல தண்ணீரில் வெடித்திருந்தன. அத்தனை நாளும் குஞ்சு தின்றதாக எழுதிய கொழுப்பு சாக்கடைக்குப் போயிருந்தது.

நேரே போய்ச் சொன்னாள். “தப்பு எம்மேலதாங்க சார். ஊறப்போட்டுட்டேன். திரும்ப அளந்துடலாம்.”

“சினை சீசன் முடிஞ்சிது. கட்டுரை அனுப்பியாச்சு. இந்த அளவுக்குத்தான் மதிப்பே.”

“பொய்யில்லீங்களா அது?”

“ஊறப்போட்டத யாரு பாத்தா? மண்ணு கழுவ வந்தவ ஆராய்ச்சி பேசறா!” சிரித்துக்கொண்டே பிஸ்கட்டை டீயில் நனைத்துச் சப்பினார்.

“என் கை நாத்தம் சோப்பு போட்டா போயிடும் சார். என் தப்ப அப்படியே பத்திரிகைக்கு எழுதி அனுப்புங்க” என்றவள், அன்றைக்கே ஊர் திரும்பிப் பழைய பட்டறையில் சேர்ந்தாள்.

ஒன்றரை வருடம் கழித்து அவளுடைய போனுக்குச் செய்தி வந்தது: “வணக்கம் வாசுகி. கட்டுரை வந்துடுச்சு. கடைசிக்கட்ட அளவத்தான் எல்லாரும் பாராட்டறாங்க. முட்டை கழுவி எடை போட்டது நீதான்னு நன்றியில உன் பேரையும் போட்டிருக்கேன். வூட்ல காட்டு, சந்தோஷப்படுவாங்க.”