ஆறு கதவு அக்கா

பையைக் கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனை மூக்கருகே வைத்து, "அத்தை... எங்க போனீங்க அத்தை?" என்று தேடுகிறார். அகப்பட்டதும் அந்த எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைக் கதவில் அழுத்துகிறார். கதவு திறக்கிறது. அத்தை என்பது என் வீடு.

எங்கள் கட்டடத்தில் ஆறு வீடுகளுக்குப் பாத்திரம் தேய்த்துத் தரை துடைக்கிற அக்கா இவர். ஆறு வீட்டிலும் சாவி போய் எண் பூட்டு வந்துவிட்டது. எங்களுக்கு வசதி; அவர் வரும் நேரத்துக்கு யாரும் வீட்டில் இருக்க வேண்டியதில்லை. ஆறு எண்களையும் சுமக்கிறவர் அக்காதான். எங்கேயும் எழுதி வைக்கக் கூடாது என்று எல்லோரும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தோம். அதனால் ஆறு வீட்டையும் சொந்தக்காரர்களாக்கிப் போனில் பதிந்துகொண்டார். மூன்றாம் மாடி வக்கீல் வீட்டுக்குப் பெயர் பெரியப்பா.

"மாசம் பொறந்தா நம்பரை மாத்திடுவாரு. நிஜப் பெரியப்பாகூட என்னை இவ்வளவு படுத்தினதில்ல" என்பார். "இத்தனை சொந்தம் இருந்தா நான் எதுக்குத் தம்பி பாத்திரம் தேய்க்கிறேன்?"

அந்தப் போனுக்குப் பூட்டே கிடையாது. அக்காவுக்குச் சர்க்கரை நோய். சாப்பாடு தள்ளிப்போனால் திடீரென்று மயக்கம் வந்துவிடும். போன வருடம் பேருந்து நிறுத்தத்தில் விழுந்துவிட்டார். முன்பின் தெரியாத ஒரு பெண் போனைத் திறந்து, கடைசியாகப் பேசிய எண்ணைக் கூப்பிட்டாள். அது அக்காவின் மகள். என்ன நோய், என்ன மருந்து என்று அவள் சொன்னதால்தான் பிழைத்தார்.

சென்ற வாரம் மூன்றாம் மாடியில் போனைச் சமையல் மேடையில் வைத்துவிட்டுத் தரை துடைத்துக்கொண்டிருந்தபோது வக்கீல் அதை எடுத்துப் பார்த்திருக்கிறார். பெரியப்பாவின் கடைசி நான்கு இலக்கத்தைக் கண்டதும் விஷயம் புரிந்துவிட்டது.

"இது தொலைஞ்சா ஆறு வீடும் போச்சு! பூட்டுப் போடுங்க, இல்லேன்னா நாளையிலிருந்து வராதீங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. மற்ற வீடுகளும் தலையாட்டின. அடுத்தவர் போனை அவர் ஏன் நோண்டினார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் தலையாட்டினேன். எல்லாக் கணக்குக்கும் ஒரே கடவுச்சொல் வைத்து, அதையும் மறந்துவிடுவேனென்று ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிற ஆள் நான். ஊருக்குத்தான் உபதேசம். வெட்கமாக இருக்கிறது.

பூட்டை நான்தான் போட்டுக் கொடுத்தேன். பூட்டிய திரையிலேயே மகளின் எண் தெரியும்படி செய்ய முடியுமா என்று அரை மணி நேரம் பார்த்தேன். பழைய போன், அந்த வசதி இல்லை.

"விடுங்க தம்பி. உங்க வீடெல்லாம் பத்திரமா இருந்தா சரி" என்றார். குரலில் கோபமே இல்லை, அலுப்புத்தான் இருந்தது. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது.

இன்று பாத்திரம் தேய்த்து முடித்ததும் கையைத் துண்டில் ஒற்றிக்கொண்டு, மேசையிலிருந்த என் பேனாவை எடுத்தார். இடது முன்கையில் மணிக்கட்டிலிருந்து மேலே மகளின் எண். பாதி சோப்பில் கரைந்திருந்தது.

"வீட்டுக்கு வீடு அழிஞ்சிடுது" என்றார்.

அழிந்த இலக்கங்களின் மேல் ஒவ்வொன்றாக அழுத்தி எழுதினார். மை காயும்வரை ஊதினார். பிறகு அந்தக் கை எதிலும் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு, பெரியப்பா வீட்டுக்குப் படியேறினார்.