பொம்மைக்கும் வழி சொன்னவள்

கொல்லிமலையில் சாலையில்லாத ஊர்களின் நோயாளிகளை மூங்கிலில் தூளி கட்டி, செம்மேட்டு ஆஸ்பத்திரிக்கு ஆறு வருஷம் சுமந்தவள் கோகிலவாணி. இளைஞர் மன்றத்துத் தொண்டு அது. அந்த அனுபவத்தையே தகுதியாகக் காட்டி, 2003இல் நோயாளி உதவியாளர் சான்றிதழ்த் தேர்வுக்கு நாமக்கல் வந்திருந்தாள்.

செய்முறைத் தேர்வில், நோயாளிக்குப் பதிலாக ஸ்ட்ரெச்சரில் ஒரு பொம்மை கிடந்தது. தேர்வுக்கு வந்த இன்னொருத்தியோடு அதைத் தூக்கியவள், வழவழத்த தரையிலும் மலைச்சரிவில் இறங்குவதுபோலக் குதிகாலை ஊன்றி ஊன்றி நடந்தாள். "பயப்படாத சாமி, எறக்கம் வருது. லேசாக் குலுங்கும்" என்று பழக்கத்தில் சொல்லியும்விட்டாள். கூடமே சிரித்தது.

"பொம்மைகிட்ட ஏம்மா பேசற?" என்றார் தேர்வாளர்.

கோகிலவாணிக்குச் சுருக்கென்றது. "படுத்திருக்கறவங்களுக்கு வானம் மட்டுந்தானுங்க தெரியும். வழிய நாமதானுங்களே சொல்லோணும்?"

அவர் முழு மதிப்பெண் போட்டார். அடுத்து வந்தவளிடம், "நீயும் பேசிக்கிட்டே தூக்கும்மா" என்றார்.