ஆமெனுக்குப் பிறகு பேசக்கூடாது

எங்கள் வீட்டில் முக்கியமான எதையும் ஒருவருக்கொருவர் நேராகச் சொல்லிக்கொள்ளும் வழக்கம் கிடையாது. ஆண்டவரிடம் சொல்வோம். மற்றவர்கள் பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்து கேட்டுக்கொள்வார்கள். எனக்குத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலை கிடைத்ததை அப்பா அப்படித்தான் அறிந்தார். அவருக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை போட்டிருப்பதை நாங்களும் அப்படித்தான் அறிந்தோம்.

இலங்கை மலைநாட்டில், டிக்கோயாவிலிருந்து மேலே ஏறிப்போகும் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தின் கடைசி வீடு எங்களுடையது. முன்னால் ஓர் அறையை அப்பா சேர்த்துக் கட்டினார். கட்டி முடித்த கையோடு அது சபைக்குப் போய்விட்டது. ஒரு நாள் பாடகர் குழு, ஒரு நாள் பெண்கள் ஐக்கியம், வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபம். அப்பா சபை மூப்பர் என்பதால் கோயில் சாவி எங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்கும். சாவி கேட்டு வருவார்கள், மைக் கேட்டு வருவார்கள், சும்மாவும் வருவார்கள். வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி. வீட்டில் எனக்கென்று ஒரு நாற்காலி இருந்ததில்லை. இருந்தவை எல்லாம் சபையின் நாற்காலிகள். முதுகில் பெயின்டால் எழுதியிருக்கும்.

பொழுது சாய்ந்து ஆட்கள் போனபிறகு குடும்ப ஜெபம். பாயை விரித்து வட்டமாக உட்காருவோம். ஒரு பாட்டு, ஒரு வேத வாசிப்பு, பிறகு இளையவரிலிருந்து தொடங்கி ஒவ்வொருவராக வாய்விட்டு ஜெபிக்கவேண்டும். முதலில் தம்பி, அடுத்தது நான், பிறகு அம்மா, கடைசியில் அப்பா. அப்பாவின் ஜெபம் சுத்தமான வேதாகமத் தமிழில் போகும். அம்மா வேதாகமத் தமிழில் தொடங்கி, பாதியில் லயத்துத் தமிழுக்கு இறங்கிவிடுவார்.

"சர்வ வல்லமையுள்ள பிதாவே, இந்த வீட்டுல சில பேரு குளிக்கத் தண்ணிய அடுப்புல வச்சிட்டு ஃபோன நோண்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க. வெறகு வீணாப் போகுது. அவங்களுக்கு ஞாபக சக்தியத் தாரும்."

அந்தச் சில பேர் நான்தான்.

ஆமென் சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது. ஜெபத்தில் கேட்டதை ஜெபத்துக்கு வெளியே எடுக்கக்கூடாது. நான் சின்னவளாக இருந்தபோது, தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் மேற்பார்வைக் கங்காணி தன்னை ஏசியதை அம்மா ஜெபத்தில் சொல்லி அழுதார். ஆமென் சொன்னதும் நான், "எதுக்கும்மா ஏசுனாரு?" என்று கேட்டேன். "அது ஆண்டவருக்குச் சொன்னது. ஒனக்கில்ல" என்றார். அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை.

அம்மாவின் ஜெபத்தில் தினமும் தவறாமல் வரும் ஒரு வரி உண்டு. "ஒமக்குன்னு குடுத்த பிள்ளையக் காத்துக்கொள்ளும்." அது தம்பி. டிக்கோயா ஆஸ்பத்திரியில் அவன் பிறந்தபோது அழவில்லை. மூச்சு வந்தால் உம்முடைய ஊழியத்துக்கே தருகிறேன் என்று அம்மா கட்டிலில் கிடந்தபடி நேர்ந்துகொண்டார். மூச்சு வந்தது. அன்றிலிருந்து அவன் ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்த பிள்ளை. சபையில் எல்லோரும் அவனைச் சின்னப் போதகர் என்றே கூப்பிடுவார்கள். அவன் பிரசங்கக் குறிப்பு எழுதுவான் என்று எதிர்பார்த்து ஆளாளுக்குப் பேனா கொடுத்தார்கள். அவனுக்கோ அடுப்படிதான் பிடித்தது. அம்மா மலையில் கொழுந்து எடுத்துவிட்டு வருவதற்குள் பருப்பைத் தாளித்து, ரொட்டி தட்டி வைத்திருப்பான். வெந்தயம் எவ்வளவு போடுவது என்று என்னிடம் வாதாடுவான். எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் எண்ணமும் இல்லை.

உயர்தரப் பரீட்சை முடிந்து அவன் வீட்டில் இருந்த காலம். வேதாகமக் கல்லூரியில் சேர்க்கப் போதகர் எல்லா ஏற்பாடும் செய்துகொண்டிருந்தார். அப்போதுதான் ஒரு நாள் குடும்ப ஜெபத்தில் தம்பி சொன்னான்.

"ஆண்டவரே, நுவரெலியாவுல ஒரு ஓட்டல்ல சமையல் வேலை பழகக் கூப்பிட்டிருக்காங்க. எனக்குப் போகணும். ஞாயித்துக்கிழமை லீவு தரமாட்டாங்க. வேதாகமக் கல்லூரிக்குப் போக எனக்கு விருப்பமில்ல. அத அம்மாவுக்கு நீங்களே சொல்லுங்க. ஆமென்."

அடுத்தது என் முறை. நாட்டின் தலைவர்களுக்காக ஜெபித்தேன். அவர்களுக்காக அவ்வளவு நீளமாக நான் அதற்கு முன்னும் ஜெபித்ததில்லை, பின்னும் ஜெபித்ததில்லை. அம்மா தன் முறை வந்ததும், "ஒமக்குன்னு குடுத்த பிள்ள" என்ற வரியைச் சத்தமாகச் சொன்னார். திரும்பவும் சொன்னார். வேறு எதையும் சொல்லவில்லை. அப்பா எல்லாவற்றையும் கர்த்தருடைய சித்தத்துக்கு விட்டார். அவருடைய ஜெபங்கள் எப்போதும் சித்தத்தில் போய்த்தான் முடியும். அது அவருக்கு வசதி.

ஜெபம் முடிந்து ஒருவருக்கொருவர் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டோம். சாப்பிட்டோம். கறியைப் பற்றிப் பேசினோம்.

எங்கள் சட்டம் எங்களைத்தான் கட்டும், அடுத்த வீட்டைக் கட்டாது. லயத்துச் சுவர் கூரைவரை போகாது. எங்கள் ஜெபம் தொடங்கினால் அடுத்த வீட்டு அக்கா தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்துவிடுவார். சாமி கும்பிடுகிறார்கள் என்ற மரியாதை என்று நாங்கள் நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தோம். மறுநாள் காலை பைப்படியில் அவர் அம்மாவைப் பார்த்து, "அக்கா, தம்பி ஓட்டலுக்குப் போகுதாமே? நல்லதுதானே. பனிக்காலத்துல அடுப்புப் பக்கத்துல நிக்கலாம்" என்றார். அம்மா குடத்தைப் பாதியில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அன்று எங்களுக்குத் தண்ணீர் போதவில்லை.

அம்மாவின் கோபத்தை மற்றவர்கள் கௌரவக் கோபம் என்று நினைத்தார்கள். சபைக்கு முன்னால் எப்படி முகம் காட்டுவது என்ற கவலை என்றார் அப்பா, என்னிடம் மட்டும். எனக்கு அது சரியென்று படவில்லை. தம்பிக்குத் தடிமன் பிடித்து மூக்கடைத்தால் அம்மா விடியற்காலையில் அவன் பாய்ப் பக்கத்தில் போய் நின்று மூச்சைக் கேட்பதை நான் பார்த்திருக்கிறேன், அவன் மீசை வைத்த பிறகும். கொடுத்ததைத் திரும்பக் கேட்டால், ஆண்டவரும் தான் கொடுத்த மூச்சைத் திரும்ப எடுத்துக்கொள்வார் என்று அம்மா பயந்தார். அந்தப் பயத்துக்கு நான் படித்த எந்தப் புத்தகத்திலும் மருந்து இல்லை. போகாவிட்டால் தம்பி வாடிப்போவான், போனால் செத்துப்போவான். அம்மாவுக்கு இரண்டில் ஒன்று.

வெள்ளிக்கிழமை போதகர் வீட்டு ஜெபத்துக்கு வந்தார். முடிந்ததும் சாப்பாடு. தம்பி வைத்த கோழிக்குழம்பை இரண்டாம் முறை போட்டுக்கொண்டே, "தம்பி ரெடிதானே? அடுத்த மாசம் வரச்சொல்லுவாங்க. படிச்சு வந்தா நல்லது. தோட்டத்து மேல் டிவிசன்ல பிள்ளைகளுக்கு ஞாயித்துக்கிழம ஓய்வுநாள் பள்ளி நடத்தக்கூட ஆளில்லாம கெடக்கு" என்றார். தம்பி அவர் தட்டில் இன்னும் ஒரு துண்டு வைத்தான். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தண்ணீர்க் கிளாசைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே துடைத்த கிளாஸ்.

அந்த ஞாயிறு அறுப்பின் பண்டிகை. வீட்டுத் தோட்டத்தில் விளைந்ததில் நல்லதைக் கொண்டுபோய்ப் பீடத்துக்கு முன்னால் படைக்கவேண்டும். லீக்ஸ், கேரட், பூசணி, கேக் சுட்டவர்கள் கேக். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவந்து ஏலம் போடுவார்கள். அம்மா ஒவ்வொரு வருஷமும் ஒரு சேவல் கொடுப்பார். ஆண்டவருக்கென்று சொல்லி வளர்ப்பது. வளர்ந்து முடிவதற்குள் அதன்மேல் பாசம் வந்துவிடும். அதனால் ஏலத்தில் தானே எடுத்துவிடுவார். கடைக்கார அண்ணன் இது தெரிந்து வேண்டுமென்றே விலையை ஏற்றிவிடுவார். சபை சிரிக்கும். அம்மாவும் சிரித்துக்கொண்டே கையை இன்னொரு முறை உயர்த்துவார்.

அந்த வருஷம் அம்மா சிரிக்கவில்லை. சேவலைத் தூக்கிக் காட்டியதும் முதல் ஆளாகக் கையை உயர்த்தினார். கடைக்கார அண்ணன் ஏற்றினார். அம்மா கையைக் கீழே இறக்கவே இல்லை. அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு விலை கேட்பதை நிறுத்திக்கொண்டார். ஏலம் போட்டவர், "என்னா இது, குடுத்த கையே திருப்பி எடுக்குது. ஆண்டவரு கோவிச்சுக்கப் போறாரு" என்று வழக்கமான பகிடியைச் சொன்னார். அம்மா அவரைப் பார்த்து, "கோவிச்சுக்குவாரா?" என்று கேட்டார். உண்மையாகவே கேட்டார். அந்த மனிதர் பூசணிக்காயை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு நடந்து வந்தோம். மழை தூறியது. அம்மா சேவலைச் சால்வைக்குள் வைத்து அணைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

அன்று குடும்ப ஜெபத்தில் தம்பி சுருக்கமாக முடித்தான். நானும் முடித்தேன். அம்மா எடுத்த எடுப்பிலேயே லயத்துத் தமிழில் தொடங்கினார்.

"ஆண்டவரே, சேவலக் குடுத்தோம். நாங்களே திருப்பி எடுத்தோம். வருஷா வருஷம் எடுக்குறோம். நீர் ஒண்ணும் சொன்னதில்ல. சும்மா எடுக்கல, அதுக்குள்ளதக் குடுத்துட்டுத்தான் எடுத்தோம். இந்தப் பிள்ளையையும் கேக்குறேன். சும்மா கேக்கல. அவனுக்குப் பதிலா நான் வர்றேன். மேல் டிவிசன்ல பள்ளி நடத்த ஆளில்லன்னு போதகரையா சொன்னாங்க. ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம நான் போறேன். சாகுற மட்டும் போறேன். அவன் மூச்ச மட்டும் தொடாதிரும்."

நான் கண்ணைத் திறந்துவிட்டேன். எதிரே தம்பியும் திறந்திருந்தான். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஆண்டவர்மேல் கொஞ்சம், அம்மாமேல் நிறைய. யாரும் கேட்காத விலையை இவரே சொல்லி இவரே கொடுக்கிறார். வாரம் முழுக்கக் கூடை சுமக்கும் ஆளுக்கு மிஞ்சுவதே அந்த ஒரு நாள்தான். அதையும் கொடுத்துவிட்டார். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அப்பா தொடங்கிவிட்டார். அன்று அவர் சித்தத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "ஆமென்" என்று மட்டும் சொல்லி முடித்தார்.

ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டோம். சாப்பிட்டோம்.

தம்பி நுவரெலியாவுக்குப் போனான். போதகர் ஒரு மாதம் எங்கள் வீட்டில் சாப்பிடவில்லை, பிறகு சாப்பிட்டார். அம்மா ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கு வராமல் அப்படியே மேல் டிவிசனுக்கு ஏறுவார். தேயிலைக்குள் கல்படி, செங்குத்து. மழைக்காலத்தில் வழுக்கும், அட்டை கடிக்கும். பிள்ளைகளுக்கு அம்மா சொல்லும் கதைகள் வேதாகமத்தில் பாதிதான் இருக்கும். நோவா பேழையைச் செய்யும்போது கங்காணி வந்து ஏசுவான். பிள்ளைகளுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. கூட்டம் சேர்ந்தது. "ரோட்டைச் சுத்தி ஆட்டோவுல போங்கம்மா" என்று நான் சொல்லிப் பார்த்தேன். "ஆட்டோவுல வர்றேன்னு நான் அவருக்குச் சொல்லலியே" என்றார்.

தம்பிக்கு விடுமுறை கிடைப்பது வார நாட்களில்தான். போன மாதம் ஒரு புதன்கிழமை வந்தான். வந்ததும் சட்டையை மடித்துவிட்டு அடுப்படிக்குப் போனான். ஓட்டலில் பழகிய எதையும் செய்யவில்லை. ரொட்டியும் சம்பலும்தான் செய்தான். அன்று யாரும் சாவி கேட்டு வரவில்லை. பாயை விரித்தோம். அவன் ஜெபித்தான், நான் ஜெபித்தேன். அம்மா வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் ஜெபித்துவிட்டுக் கடைசியில் சொன்னார்:

"ஆண்டவரே, மேல் டிவிசன் படி ஏறுறப்ப முழங்காலு பிடிச்சுக்குது. நடுவுல உக்காந்து உக்காந்து போகவேண்டியிருக்கு. சொன்ன சொல்ல மாத்தமாட்டேன். கொஞ்சம் பெலன மட்டும் தாரும்."

எனக்கே அது புதுச் செய்தி. அப்பா சித்தத்தில் முடித்தார். ஆமென். ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டோம். நான் சாப்பாடு போட எழுந்தேன். தம்பி எழவில்லை. பாயிலேயே நகர்ந்து அம்மாவுக்கு முன்னால் போய் உட்கார்ந்தான்.

"எந்தக் காலும்மா?"

அம்மா அவனை ஏறிட்டுப் பார்த்தார். "அது ஆண்டவருக்குச் சொன்னது."

"தெரியும். அவருக்குப் பதிலா நான் கேக்குறேன்."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்த வீட்டில் தொலைக்காட்சி இன்னும் சத்தமில்லாமல்தான் இருந்தது. அம்மா ஏசப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு இடது காலை நீட்டினார்.