இரண்டு பேர் சொன்னால் காடு

மேரிறோஸ் வடக்கே போனவள் இல்லை. ஸ்கொட்லாந்துக்குக்கூடப் போனதில்லை. ஆனால் கனடாவின் வட கோடியிலும் பின்லாந்திலும் எந்த நிலம் காடு, எந்த நிலம் சதுப்பு என்று லண்டன் ஸ்ட்ரெதமில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்துகொண்டு சொல்வதுதான் அவளுக்கு வேலை. சிரிக்க வேண்டாம், இது சிரிக்கிற கதை இல்லை.

யாழ்ப்பாணத்துப் பாசையூரில் பிறந்தவள். இருபத்தெட்டு வயதில் லண்டனுக்கு வந்து, ஒருவனைக் கட்டினாள்; மூன்றாம் வருடம் அந்த மனுசன் ரொறன்ரோவுக்குப் போனான். போனவன் போனவன்தான். பிறகு பதினேழு வருடம் ஒரு உடுப்புக் கழுவும் கடையில் நின்றபடியே இஸ்திரி போட்டாள். முழங்கால் இரண்டும் விட்டுப்போனபோது கவுன்சில் நடத்திய கணினி வகுப்புக்குப் போனாள். அங்கிருந்துதான் இந்த வேலை. வானத்தில் சுற்றுகிற செய்மதி எடுத்த படங்களைத் துண்டு துண்டாய்த் திரையில் போடுவார்கள், பார்த்துப் பெயர் வைக்க வேண்டும். ஒப்பந்தம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. கதிரையில் இருந்து செய்கிற வேலை கிடைத்ததே பெரிய காரியம் என்று மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினாள்.

இருப்பது லண்டனில் மிச்சம் என்கிற பகுதியில், அண்ணன் செபஸ்தியாம்பிள்ளை வீட்டில். மாடியில் கட்டில் ஒன்று போட்டால் கதவு முழுதாய்த் திறக்காத ஒரு அறை. அதில் பதினொரு வருடம். அண்ணன் ஒன்றும் சொல்ல மாட்டார், அவர் எதற்குத்தான் வாய் திறந்தார். அண்ணி பெனிற்றா சண்டை பிடிக்கிற பெண்ணும் இல்லை. சிரித்த முகத்தோடுதான் கேட்பாள்.

"மச்சாள், பிள்ளை படிக்க ஒரு அறை கேக்குது. உங்களுக்கு ஒண்டும் சரிவரேல்லையோ?"

"பாத்துக்கொண்டுதான் இருக்கிறன் பெனிற்றா."

"அவசரமில்லை மச்சாள். யூன் மட்டும் பாப்பம்."

அந்த 'அவசரமில்லை' இருக்கிறதே, அது ஆளைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதைவிட மோசம். ஸ்ட்ரெதமில் ஒற்றை அறை வீடு ஒன்றை மேரிறோஸ் பார்த்துவிட்டாள். தனிச் சமையல் மூலை, தனிக் குளியலறை, தெருவைப் பார்த்த ஜன்னல். ஆனால் வீட்டு முகவர் நிரந்தர வேலைக் கடிதம் கேட்டான். மூன்று மாத ஒப்பந்தத்தைக் காட்டியபோது உதட்டைப் பிதுக்கினான். அந்தக் கடிதம் ஒன்றுதான் அவளுக்கும் ஒரு கதவுக்கும் நடுவில் நின்றது.

வேலை நடக்கிற விதத்தைச் சொல்லிவிடுகிறேன். திரையின் கீழே ஆறு பொத்தான்கள். காடு, மரச் சதுப்பு, வெறும் சதுப்பு, புல் நிலம், தண்ணீர், எரிந்த நிலம். ஆங்கிலத்தில் நீட்டு முழத்துக்குப் பெயர் உண்டு, இவை அவள் மனதுக்குள் வைத்த பெயர்கள். ஒவ்வொரு துண்டையும் இரண்டு பேர் தனித்தனியே பார்ப்பார்கள். இரண்டு பேரும் ஒரே பொத்தானை அமர்த்தினால் அது சரி என்று எடுத்துக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை தோறும் ஆளாளுக்கு ஒரு எண் வரும், மற்றவரோடு நூற்றுக்கு எத்தனை தடவை ஒத்துப்போனாய் என்று. எண்பத்தைந்துக்குக் கீழே இறங்கினால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. தொண்ணூறுக்கு மேலே நின்றால் நிரந்தரம். நிலத்தோடு ஒத்துப்போனாயா என்று ஒருவரும் கேட்கவில்லை, கவனித்தீர்களா?

மேரிறோசுக்கோ கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிற பழக்கம். வெள்ளைச் சேட்டில் தேத்தண்ணிக் கறை தேடிய கண் அது. முதல் மாதத்திலேயே ஒன்றைப் பிடித்துவிட்டாள். சில இடங்களில் மரம் நெருக்கமாய் நிற்கிற மாதிரித்தான் தெரியும். ஆனால் நிழல் கட்டை. அந்தப் பக்கத்தில் சூரியன் தாழ நிற்கும், நல்ல மரமென்றால் நிழல் நீளமாய் விழ வேண்டும். நிழல் கட்டை என்றால் மரம் ஆள் உயரம்தான். இடையிடையே வெளிறிய பாசி, பாசிக்குள் மினுங்குகிற தண்ணீர். வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த கைநூலை பஸ்ஸில் வைத்து வரி வரியாய் வாசித்தாள். அந்த மரங்கள் கைப் பருமன்தான் இருக்குமாம், வயதோ நூற்றைம்பது. கீழே இரண்டு ஆள் ஆழத்துக்குப் பாசி, ஆயிரக்கணக்கான வருடமாய் மக்காமல் ஊறிக் கிடக்கிறது. அதைக் காடு என்று எழுதிவிட்டால் றோட்டுப் போடுவார்கள், வாய்க்கால் வெட்டுவார்கள், பாசி காய்ந்துபோகும், உள்ளே கிடந்ததெல்லாம் புகையாய் மேலே போகும். இப்படித்தான் நூலில் இருந்தது. ஆகவே அவள் மரச் சதுப்பு என்று அமர்த்தினாள், ஒவ்வொரு தடவையும்.

அவளுடைய எண் எண்பத்திரண்டு. அடுத்த வெள்ளி எழுபத்தாறு.

தேநீர் அறையில் அன்பரசி வந்து பக்கத்தில் இருந்தாள். மலேசியாவில் இருந்து படிக்க வந்து தங்கிவிட்டவள், நாலு வருடமாய் அதே வேலை, நிரந்தரம். நல்ல மனம்தான், அதையும் சொல்ல வேண்டும்.

"அக்கா, நீங்கதானே மரம் இருக்கிற இடத்தையெல்லாம் சதுப்புன்னு போடுறது?"

"அது சதுப்புத்தானே பிள்ளை. நிழலைப் பாக்கேல்லையே?"

"பாத்தேன்லா. எனக்குத் தெரியாதா? முதல் வருசம் நானும் அப்படித்தான் போட்டேன். என்னைத் தூக்கப் பாத்தாங்க." அன்பரசி கோப்பையைக் கழுவியபடியே சொன்னாள். "மரம்னு ஒன்னு தெரிஞ்சா காடுன்னு தட்டிட்டுப் போயிருங்க. எல்லாரும் அதான் பண்றாங்க. ரெண்டு பேர் சொன்னா காடுதான்."

மேரிறோஸ் அன்று வீடு வரும்வரை யோசித்தாள். தெரியாமல் பிழை விடுகிறார்கள் என்று இருந்தவளுக்கு, தெரிந்தே விடுகிறார்கள் என்பது நெஞ்சில் அடித்த மாதிரி இருந்தது. தான் விசரியா என்றுகூட நினைத்தாள். ஆனால் விடாப்பிடிக்காரி. அடுத்த வெள்ளி எண் எழுபத்தொன்று, கூடவே எச்சரிக்கைக் கடிதம்.

ஒரு மாதம் மதியச் சாப்பாட்டு நேரத்தை இதற்கே கொடுத்தாள். இருநூற்றிப் பன்னிரண்டு துண்டுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் நிழலை அளந்து, சூரியன் நின்ற உயரத்தைப் பக்கத்தில் எழுதி, அட்டவணை போட்டாள். நிறுவனத்திடமே நாற்பது இடங்களில் ஆட்கள் நேரில் போய் எடுத்த படங்கள் இருந்தன, ஒருவரும் திறந்து பார்த்ததில்லை. அவள் பார்த்தாள். நாற்பதில் முப்பத்தெட்டு அவள் சொன்னபடி. முழங்கால் அளவு தண்ணீருக்குள் ஒரு ஆள் நிற்கிறான், அவன் தோளுக்குக் கூட வராத மரங்கள் சுற்றி நிற்கின்றன.

மேலாளர் ஹெலன் அட்டவணையை வாசித்துவிட்டு எழுந்து வந்து கையைக் குலுக்கினாள். "அருமையான வேலை, மேரி. இதை உடனே மேலே அனுப்புகிறேன்" என்றாள். அன்று பின்னேரம் மேரிறோஸ் மீன் வாங்கிக்கொண்டு போய் வீட்டாருக்குச் சமைத்தாள். பெனிற்றாவிடம் தானாகவே வாயைத் திறந்தாள்.

"கடிதம் வரப்போகுது போல இருக்கு."

"கர்த்தருக்குத் தோத்திரம்" என்றாள் பெனிற்றா. மனதாரத்தான் சொன்னாள்.

இரண்டு கிழமை கழித்து எல்லோரையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். ஹெலன் சுவரில் ஒரு படம் காட்டினாள், நடுவில் மேரிறோசின் அட்டவணை, அடியில் அவள் பெயர். வேலை செய்கிறவர்கள் ஒத்துப்போகாத இடங்களில் பத்துக்கு எட்டு ஒரே வகையில்தான் வருகிறது என்று மேரி கண்டுபிடித்துத் தந்திருக்கிறார் என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். மேரிறோசுக்குக் கண் கலங்கியது. அதற்குப் பிறகு ஹெலன் சொன்னாள், "ஆகவே அந்த வகையை எடுத்துவிடுகிறோம். திங்கள் முதல் ஐந்து பொத்தான்கள். மரச் சதுப்பு இனிக் காட்டோடு சேரும். வரைபடத்தின் துல்லியம் எண்பத்தொன்றில் இருந்து தொண்ணூற்றாறுக்கு ஏறுகிறது."

மறுபடியும் கை தட்டினார்கள். அட, பாவிகளே.

கூட்டம் முடிந்து மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து மேரிறோஸ் கேட்டாள். "அங்கே தண்ணீர் இருக்கிறதே. படத்தில் ஆள் நிற்கிறாரே."

ஹெலன் வெட்கப்பட்டாள், அது பொய் இல்லை. "தெரியும். ஆனால் வாடிக்கையாளர் கேட்பது துல்லியத்துக்கு ஒரு எண், மேரி. நிலத்தை அவர்கள் கேட்கவில்லை." பிறகு குரலை மாற்றி, "நல்ல செய்தி ஒன்றும் உண்டு. பழையவற்றை இந்த முறையில் திருப்பிக் கணக்குப் பார்த்தால் உங்கள் எண் தொண்ணூற்றேழு. இந்த மாடியிலேயே நீங்கள்தான் முதல்" என்று ஒரு உறையை நீட்டினாள்.

நிரந்தர வேலைக் கடிதம். ஏற்றுக்கொண்டதாய்க் கையெழுத்துப் போட ஒரு கோடு கீழே.

அதைக் கிழித்து ஹெலன் முகத்தில் எறிந்திருக்கலாம். எறிந்துவிட்டு எங்கே போவது? யூனுக்கு ஒன்பது நாள் இருந்தது. அவள் ஹெலனிடமே பேனையை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். எழுத்து நடுங்கவில்லை என்பதுதான் அவளுக்குப் பிறகு பல நாள் உறுத்தியது.

ஸ்ட்ரெதம் வீடு கிடைத்தது. அண்ணன் காரில் சாமான் கொண்டுவந்து இறக்கினார். பெனிற்றா கட்டிப் பிடித்து அழுதாள். மேரிறோசுக்கு அழுகை வரவில்லை.

நிரந்தரம் ஆனவர்கள் புதியவர்களுக்கு வேலை பழக்க வேண்டும் என்பது விதி. ஒக்ரோபரில் அவளிடம் கணேஸ்வரன் வந்து சேர்ந்தார். ரெய்னர்ஸ் லேனில் இருந்து வருகிறவர், தபால் கந்தோரில் முப்பது வருடம் இருந்து ஆட்குறைப்பில் வெளியே வந்தவர். வயது அறுபதுக்குக் கிட்ட. இரண்டாம் நாளே ஒரு துண்டில் பொத்தானை அமர்த்தாமல் கன நேரம் இருந்தார்.

"தங்கச்சி, இதை ஒருக்கால் பாருங்கோ. மரம்தான், ஆனால் நிழலைக் காணேல்லை. இடையில தண்ணியும் மினுங்குது. இது காடு இல்லைப் போல."

மேரிறோஸ் குனிந்து பார்த்தாள். பார்க்கத் தேவையே இல்லை. நூற்றைம்பது வயது மரங்கள், ஆள் உயரம், கீழே இரண்டு ஆள் ஆழம். இந்த மூன்றாம் மாடியில் அவள் கண்ணுக்குப் பட்டதைத் தானாகவே எடுத்துச் சொன்ன முதல் மனுசன் அவர். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் அண்ணை என்று கேட்க வாய் உன்னியது.

"காடு எண்டு போடுங்கோ அண்ணை" என்றாள்.